மேல் படிக்குப் போன கிளிப்

பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் அது தாய்மார் போகிற காரியம் என்பது இசக்கித்துரையின் கொள்கை. அவன் ஒருவனைச் சொல்லிக் குற்றமில்லை, சங்கரன்கோவிலில் பாதி ஆம்பளைகளுக்கு அதுதான் கொள்கை. அவன் பூ மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மல்லியும் பிச்சியும் ஏற்ற இருட்டோடு கிளம்பினால் வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வந்து குளிப்பான். ரேஷன் கடை, கரண்டு பில், பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் பெண்டாட்டி ராஜேஸ்வரியின் இலாகா. அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை, ஒரு தையல் யூனிட்டில் நைட்டி தைக்கிறாள். ஆனாலும் இலாகாவை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இந்த முறை இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் கோமதித்தாய் ஒற்றைக் காலில் நின்றாள்.

"அப்பாதான் வரணும்."

"ஏம் மக்கா, அம்ம வந்தா ஆவாதா?"

"அம்ம வேண்டாம். நீங்கதான் வரணும்."

ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு சிரித்தாள். ராஜேஸ்வரி அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"புள்ள வாய்விட்டுக் கேக்கா. ஒரு நாளு போனா ஒங்க வண்டி என்ன துருப்புடிச்சா போவும்?"

உண்மையைச் சொன்னால், கொள்கையெல்லாம் ஊருக்குக் காட்டுகிற கொள்கை. அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பயம். இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமத்தில் அவன் நாலாம் வகுப்புப் படித்தபோது, கணக்குத் தப்பாகப் போட்டவனைக் கீழ் வகுப்புக்கு இறக்கி உட்காரவைப்பது அங்கிருந்த சாரின் வழக்கம். மற்றப் பாடத்துக்கெல்லாம் இசக்கித்துரை நாலாம் வகுப்பு. கணக்கு வந்தால் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் வகுப்பு. குட்டைப் பலகையில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பான். பொடிசுகள் "அண்ணாச்சி வந்தாச்சு" என்று நகர்ந்து இடம் விடும். அவனுடைய தங்கச்சியும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவள் மட்டும் அவன் பக்கம் திரும்பவே மாட்டாள். பிரம்படி கூடப் பிறகு மறந்துபோயிற்று. தங்கச்சி திரும்பாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பிடரி மட்டும் முப்பத்து நாலு வயசிலும் மறக்கவில்லை.

ஆகவே, போன வருஷம் ஒன்றாம் வகுப்பில் கோமதி கணக்கு நோட்டைக் கண்டாலே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தபோது, அவனுக்குத்தான் முதலில் விளங்கியது. ஒரு சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டு, "எட்டும் அஞ்சும் எத்தன மக்கா?" என்று கேட்டான். பிள்ளை அவன் வாயையே பார்த்தது. விரலை மடக்கியது, நிமிர்த்தியது, மறுபடி மடக்கியது. அவனால் பார்க்க முடியவில்லை. மடியிலிருந்து இறக்கி விட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு கணக்கைப் பற்றி அவன் கேட்டதில்லை. கேட்டால்தானே பதில் வரும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். ராஜேஸ்வரியின் அண்ணன் முத்துமணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை. அவன் மகன் காசியும் கோமதியின் வகுப்புதான். "தனியா ஏன் போறிய மாப்ளே, எங்கூட வாங்க" என்று அவன் கூப்பிட்டதை இசக்கித்துரை பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். அங்கே முத்துமணி ஒரு வாடிக்கையாளருக்குச் செல்போன் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். உள்ளே குமிழி விழுந்து, பிய்த்து, மறுபடி ஒட்டி, அதற்குள் கூட்டம் பாதி முடிந்துபோயிற்று.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வராந்தாவில் டீயும் உளுந்த வடையும் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். வடையோடு நின்ற ஓர் அம்மா இவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"பஸீலா டீச்சர் எல்லாம் வெளக்கிச் சொல்லியாச்சு. இனிமே புள்ளைகளே செஞ்சு காட்டுமாம். உள்ள சுவத்துல அதது எந்தப் படியில நிக்குன்னு இருக்கு, போயிப் பாருங்க."

வகுப்பறையில் யாரும் இல்லை. பக்கச் சுவர் முழுக்கப் படிக்கட்டு வரைந்திருந்தது. பெரியவர்களுக்கு நெஞ்சு உயரத்தில் தொடங்கி, சிறு பிள்ளைகளின் கை எட்டுகிற அளவில், கருங்கல் நிறத்தில் படிப்படியாகக் கீழே இறங்கியது. அடிப்பாகத்தை ஒரு பெஞ்சும் அதன்மேல் சுருட்டி வைத்த பாய்களும் மறைத்திருந்தன. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு சணல் கயிறு. கயிற்றில் துணி காயப்போடுகிற கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். கணக்குச் சாமான் போட்டு மூடிய பிளாஸ்டிக் டப்பா படிக்கொன்றாகச் சுவரோரம் இருந்தது.

முத்துமணி காசியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான். மேலிருந்து இரண்டாவது படி.

"பாத்தியளா மாப்ளே, எம் பயல! வீட்டுல பொஸ்தகத்தத் தொட மாட்டான், இங்கன உச்சாணிக் கொம்புல நிக்கான்!"

இசக்கித்துரை மேலேயிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தான். நடுப்படிகளில் பெரிய கூட்டம், கிளிப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அங்கே இல்லை. அதற்கும் கீழே இல்லை. பாயின் விளிம்புக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரிகிற கடைசிப் படியில் ஒரே ஒரு ரோஸ் கிளிப் தனியாக இருந்தது. கோமதித்தாய் என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள்.

முத்துமணியும் குனிந்து பார்த்தான்.

"அட, பாப்பா தரையில கெடக்கே. நெறத்துல அம்ம மாதிரி, படிப்புல அப்பா மாதிரி போல!" என்று அவன் தோளைத் தட்டிச் சிரித்தான். முத்துமணி கெட்டவன் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிறவன். அப்படியே மறந்துவிட்டு, வடை தீர்ந்துபோகும் என்று வராந்தாவுக்குப் போய்விட்டான்.

இசக்கித்துரை அந்தச் சுவருக்கு முன்னால் தனியாக நின்றான். காது மடல் இரண்டும் சுட்டன. அத்தனை தாய்மாரும் இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்து, இது யார் பிள்ளை என்று கேட்டிருப்பார்கள். லோடு ஆட்டோ இசக்கித்துரை மகள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இனிமேல் உள்ளே வந்து எல்லோரும் உட்கார, எல்லோர் முன்னாலும் பிள்ளை அந்தக் கடைசிப் படிக்குப் போய் நிற்க வேண்டும். முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி அவனுக்கே இருந்தது. தன்னோடு இது ஒழியட்டும் என்று நேர்ந்துகொள்ளாத சாமி கிடையாது, அந்தச் சாமிகள் மேலும் இப்போது கோபம் வந்தது.

வராந்தாவில் டீ கிளாஸ்களைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. அவன் குனிந்து ரோஸ் கிளிப்பைக் கழற்றினான்.

முதலில் இரண்டு படி மேலே வைக்கலாம் என்றுதான் நினைத்தான். பிறகு நடுவில் கூட்டத்தோடு கூட்டமாகச் செருகலாம் என்று கை போயிற்று. அப்போது காசியின் கிளிப் கண்ணில் பட்டது. அவனைவிட நம் பிள்ளை எதில் குறைச்சல் என்று ஒரு வீம்பு. நனைந்தது நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலே, யாருமே இல்லாத முதல் படியில், கோமதித்தாயை மாட்டிவிட்டு, சன்னல் பக்கம் போய் வெளியே எதையோ பார்ப்பதுபோல நின்றுகொண்டான்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். பெற்றோர் பின்னால், பிள்ளைகள் முன்னால் தரையில். பஸீலா டீச்சர் நடுத்தர வயது, மெலிந்த உடம்பு, முக்காட்டை அடிக்கடி சரிசெய்துகொள்கிற கை. அவனைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா அண்ணாச்சி! கோமதி, ஒங்கப்பா வந்தாச்சு. நீதான் மொதல்ல. போ, ஒன் கிளிப்ப எடுத்துட்டு வா."

கோமதி பாய்ந்து எழுந்தாள். அவனைப் பார்த்து ஒரு சிரிப்பு. நேரே சுவரின் அடிப்பாகத்துக்கு ஓடி, பாய்க்கட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கயிற்றைத் தடவினாள். தரையில் விழுந்திருக்குமோ என்று பெஞ்சுக்கு அடியில் கையை விட்டாள். பிறகு இன்னொரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகப் பெஞ்சைத் தள்ளினார்கள்.

பெஞ்சு நகர்ந்தது. பின்னால் நீல நிறத்தில் தண்ணீர் இருந்தது. அலை அலையாக வரைந்து, அல்லிப்பூவும் வால் சுழற்றுகிற மீன்களும் போட்டிருந்தது.

"பிந்தி வந்தவங்களுக்காக மறுபடி சொல்லுதேன்," என்றார் டீச்சர். "இது தெப்பக்குளம். நம்ம ஊரு ஆவுடைப்பொய்கை மாதிரின்னு வச்சுக்கோங்க. எல்லாப் பிள்ளையும் மேல் படியிலதான் தொடங்கும். மேல் படியில புளியமுத்து எண்ணணும், அவ்வளவுதான். அதுல பயம் போனாத்தான் அடுத்த படி. அடுத்தது எது அதிகம், எது கொறைவு. பெறவு கூட்டல், பெறவு பத்துப் பத்தா கட்டுகது, இப்படி ஒவ்வொரு படியா எறங்கி வந்து தண்ணியத் தொடணும். யாரும் குதிக்கக் கூடாது, யாரையும் தள்ளவும் கூடாது. கோமதிக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. வகுப்புலயே மொதல்ல தண்ணியத் தொடப் போறது அவதான். போன வாரமே முடிச்சிருப்பா. அப்பா வரட்டும் டீச்சர், அப்பா முன்னால தொடுதேன்னு நிறுத்தி வச்சிருக்கா."

பின்னால் இருந்த தாய்மார் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, வாழ்த்துகிற சிரிப்பு. இசக்கித்துரை அதை வாங்கிக்கொள்ள முடியாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மேல் படியில் ரோஸ் கிளிப் இருப்பது அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பூமி பிளக்காதா என்பார்களே, அது சும்மா சொல்வது இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

கோமதி அதற்குள் ஒவ்வொரு படியாக மேலே தேடிக்கொண்டு வந்தாள். நடுப்படியில் தேடினாள், காசியின் படியில் தேடினாள். கடைசியில் அண்ணாந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள், நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிற பார்வை. டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை பிறகு எதுவும் கேட்காமல் மேல் படியின் டப்பாவை எடுத்து, தரையில் உட்கார்ந்து, புளியமுத்துகளைக் கொட்டி எண்ணத் தொடங்கிவிட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." ஒன்றாம் வகுப்பில் எண்ணிய அதே சின்னக் குரல். ஏழுக்குப் பிறகு குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. முத்து ஒன்று கை தவறி உருண்டு போயிற்று. எட்டா ஒன்பதா என்று தெரியாமல், எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"யாரு இதை மாத்துனது?" என்று கேட்டார் டீச்சர். குரல் உயரவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. "நான் சொல்லியிருக்கேன்லா? அடுத்தவங்க கிளிப்ப யாரும் தொடக் கூடாதுன்னு."

பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. காசிதான் ஒரு தடவை யாரும் பார்க்காத நேரம் தன் கிளிப்பைத் தண்ணீரில் கொண்டுபோய்ச் செருகிப் பிடிபட்டவன்.

"காசிதான் டீச்சர்! காசிதான் பண்ணுவான்!"

"நான் இல்ல டீச்சர், சாமி சத்தியமா நான் இல்ல!"

முத்துமணி அப்போதுதான் தன் மகன் நிற்கிற படியின் மதிப்பைப் புரிந்துகொண்டு அதிர்ந்துபோயிருந்தான். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. எழுந்து போய்க் காசியின் பிடரியில் ஓர் அறை விட்டான்.

"ஏலே, படிக்கதுக்கு வக்கில்ல, படிக்கிற புள்ளயக் கெடுக்கியா?"

அந்த முதல் அடியில் இசக்கித்துரை வாயைத் திறக்கவில்லை. இதை அவன் பிற்பாடு எத்தனை விதமாக நினைத்துப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அடி விழுந்த சத்தம் கேட்டது, பையன் முகம் கோணிப்போனது தெரிந்தது. தப்பித்தோம் என்று ஒரு நொடி அவன் உள்ளுக்குள் ஒன்று மூச்சுவிட்டது. அந்த மூச்சுக்கு அவன் வாழ்நாளெல்லாம் வெட்கப்பட வேண்டியிருந்தது.

இரண்டாவது அடிக்கு முத்துமணி கையை ஓங்கியபோது, கோமதி எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன விடுங்க மச்சான். நான்தான்," என்றான் இசக்கித்துரை.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் டீச்சர் மாத்தி வச்சேன். அவன் ஒண்ணும் பண்ணல."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, அடக்கிக்கொண்டாள். முத்துமணியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"நீங்களா? வெளங்குமா மாப்ளே! அத மொத அடிக்கு முன்னாலயே சொல்லதுக்கு என்ன?"

டீச்சராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். டீச்சர் அவனையே ஒரு கணம் பார்த்தார். இந்த மாதிரித் தகப்பன்மாரை இதற்கு முன்னும் பார்த்த கண் அது. ஏன் என்று கேட்கவில்லை.

"தப்பு எங்கமேலதான் அண்ணாச்சி. பெஞ்சு தண்ணிய மறைச்சிருந்துச்சு, நான் கவனிக்கல. உக்காருங்க."

நாற்காலிகள் நிறைந்திருந்தன. மிச்சம் இருந்தது பிள்ளைகளின் குட்டை முக்காலி ஒன்றுதான். அதில்தான் அவன் உட்கார்ந்தான்.

டீச்சர் கோமதியின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து, ரோஸ் கிளிப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கேட்டியா மக்கா? நான் ஒன்ன மேல ஏத்தல. ஒன் எடத்துலயே வச்சிருதேன், சரியா?"

கோமதி அப்பாவைப் பார்க்கவில்லை. புளியமுத்துகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கீழ வைக்காண்டாம் டீச்சர். நானே வாரேன்."

"வேண்டாமே. அதெல்லாம் நீ எப்பவோ முடிச்சாச்சு."

"நான் முடிக்கலன்னு எல்லாரும் நெனைப்பாக. நானே எறங்கி வாரேன்."

டீச்சர் கிளிப்பை மறுபடி மேல் படியிலேயே மாட்டினார்.

அதற்கப்புறம் மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் படிக் கணக்கைச் செய்து காட்டின. கைத்தட்டல் கேட்டது. முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்மார் கிளம்பினார்கள். கோமதி மட்டும் ஓரமாக உட்கார்ந்து, டப்பா மாற்றி டப்பா, படி மாற்றிப் படி, ஒன்றையும் விடாமல் செய்துகொண்டிருந்தாள். ஒரு படி முடிந்ததும் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். சரி என்று டீச்சர் தலையசைத்ததும் எழுந்து போய்க் கிளிப்பைக் கழற்றி அடுத்த படியில் மாட்டுவாள். புளியமுத்தை எண்ணும்போது இருந்த நடுக்கம், பத்துப் பத்தாகக் கட்டுகிற படிக்கு வந்தபோது போய்விட்டது. ஈர்க்குச்சிகளைப் பத்து பத்தாக அடுக்கி ரப்பர் பேண்டு போடுகிற விரல்கள், பூக்கட்டுகிற பொம்பளை விரல் மாதிரி ஓடின.

கடைசிக்கு முந்தின படியில் அவள் எடுத்த அட்டையில் ஐம்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழி என்று இருந்தது. இசக்கித்துரை முக்காலியை முன்னால் நகர்த்தினான். இந்த மாதிரிக் கணக்குதான் அவனை இரண்டாம் வகுப்புக்கு அனுப்பியது. ரெண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று சார் கத்துவார். பக்கத்து வீடு எது, அவன் ஏன் கடன் தர வேண்டும் என்று கடைசிவரை அவனுக்கு விளங்கவே இல்லை. இன்றைக்கும் மார்க்கெட்டில் செல்போனைத் தட்டித்தான் கழிக்கிறான்.

கோமதி ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் முன்னால் வைத்தாள். ஏழு எடுக்க வேண்டும், இருப்பது இரண்டு. ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள். பத்துக் குச்சியும் பொலபொலவென்று உதிர்ந்து அந்த இரண்டோடு சேர்ந்துகொண்டன. அதிலிருந்து ஏழை எடுத்துத் தள்ளி வைத்தாள். மிச்சம் நாலு கட்டில் ஒரு கட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"முப்பத்தஞ்சு டீச்சர்."

அவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. கட்டை அவிழ்த்தால் உள்ளே பத்து இருக்கிறது, இதைச் சொல்ல ஒருத்தருக்கும் அப்போது வாய் வரவில்லையே. அழுகை வந்தது. யாரைப் பார்த்து அழுவது? இதே பிள்ளையை அல்லவா அவன் மடியிலிருந்து இறக்கிவிட்டுப் போனான்.

ரோஸ் கிளிப் மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கடைசிப் படியில் செய்ய வேண்டியது, தானே ஒரு கணக்குக் கதை உண்டாக்கி, எல்லோர் முன்னாலும் சொல்லி, போட்டுக் காட்டுவது. அறையில் நாலைந்து பேர்தான் மிச்சம்.

"கதை சொல்லிருதியா மக்கா? அப்பாவும் இருக்காங்கல்லா?" என்றார் டீச்சர்.

கோமதி தண்ணீரைப் பார்த்தாள், மீன்களைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் டீச்சர். நாளைக்குச் சொல்லுதேன்."

டீச்சர் வற்புறுத்தவில்லை. டப்பாக்களை மூடி அடுக்கிவிட்டுக் கோமதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசலில் முத்துமணி பைக்கில் காசியை ஏற்றிக்கொண்டு நின்றான். இசக்கித்துரை காசியின் பக்கத்தில் போய் நின்றான். பிடரியில் இன்னும் சிவப்பு இருந்தது.

"மாமா மேலதான் தப்புலே. நீ வாங்க வேண்டிய அடி இல்ல அது."

காசி அழுது முடித்து வேறு யோசனைக்குப் போயிருந்தான். "அப்பம் அந்த அடிய எங்கப்பா ஒங்களுக்குக் குடுக்கணும் மாமா" என்றான் நியாயமாக. முத்துமணி சிரித்துவிட்டான். இசக்கித்துரையால் சிரிக்க முடியவில்லை.

இசக்கித்துரை லோடு ஆட்டோவைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் முத்துமணியின் கடைக்குப் போயிருந்தான். கோமதி முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்குள் காலையில் ஏற்றிய பிச்சியின் வாசம் இன்னும் இருந்தது. வழியில் ஜூஸ் வேண்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றாள். பேக்கரிப் பக்கம் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தான். அவள் கண்ணாடி வழியாக நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை அணைத்தான்.

"ஏம்ப்பா என்னைய மேல வச்சிய?"

இத்தனை பேர் கேட்காத கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டது. பொய் சொல்ல ஒரு பொய்யும் கிடைக்கவில்லை.

"நீ கீழ இருந்தல்லா மக்கா. ஒண்ணும் தெரியாத புள்ளையைத்தான் கீழ வச்சிருப்பாகன்னு நெனச்சுட்டேன். எல்லாரும் பாப்பாகளேன்னு கூச்சமாப் போச்சு."

கோமதி அதை யோசித்துப் பார்த்தாள்.

"தெரியாத புள்ளைக மேலதான்ப்பா இருப்பாக. நானும் அங்கனதான் இருந்தேன். காசி, மத்தவுக எல்லாரும் எறங்கிப் போயிட்டாக. நான் மட்டும் ரொம்ப நாளு மேலயே இருந்தேன். டீச்சர் ஒண்ணும் ஏச மாட்டாக. தெனமும் எங்கூட ஒக்காந்து எண்ணுவாக."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே மக்கா."

"அம்மைக்குத் தெரியும். அப்பாட்ட மட்டும் சொல்லாதட்டி, எந்திச்சு வெளிய போயிருவாகன்னு அம்ம சொன்னா."

குறை சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுத்துக்கொள் என்பது மாதிரிச் சொன்னாள். வகுப்பறையில் அத்தனை பேர் முன்னால் பட்ட வெட்கம் இதற்கு உறை போடக் காணாது. வீட்டில் தாயும் மகளும் ஒரு வருஷமாக அவனுக்குத் தெரியாமல் கணக்குப் படித்திருக்கிறார்கள். அவன் வருகிற வண்டிச் சத்தம் கேட்டதும் புளியமுத்தை எடுத்து ஒளித்துவைத்திருப்பார்கள். பிள்ளை பயந்தது கணக்குக்கு மட்டும் இல்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயில் கடந்து போயிற்று. கேட் திறக்க இன்னும் நேரமிருந்தது.

"நாளைக்குக் கதை சொல்லப் போறல்லா," என்றான். "அப்பா வந்து பாக்கட்டுமா?"

கோமதி அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "ஆனா உள்ள வராண்டாம்ப்பா. சன்னலுக்கு வெளிய, கை எட்டாத எடத்துல நின்னு பாருங்க."

"சரி மக்கா," என்றான் இசக்கித்துரை.